பவர் ஏற்றிய காருக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல்: மாட்டும் முன் கேட்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழையின் முதல் மழை விழுந்ததும் சென்னையில் எங்கள் ட்யூனிங் ஒர்க்‌ஷாப்புக்கு இப்படி ஒரு போன் வரும். "அண்ணா, ஸ்டேஜ் 2 போட்டதிலேர்ந்து ரெண்டாவது கியர்ல மிதிச்சாலே முன் டயர் சுத்துது. நேத்து மத்திய கைலாஷ் கிட்ட பக்கத்து லேனுக்கே இழுத்துட்டுப் போயிடுச்சு. தனியா டிராக்‌ஷன் கன்ட்ரோல் பாக்ஸ் ஒண்ணு வாங்கி மாட்டிடலாமா?"

(ஸ்டேஜ் 2 என்பது எஞ்சின் சாஃப்ட்வேரோடு எக்ஸாஸ்ட் போன்ற பாகங்களையும் மாற்றிப் பவர் ஏற்றுவது.) மாட்டலாம். ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு அந்த பாக்ஸ் தேவையே இல்லை என்பதுதான் என் எண்ணம். மீதிப் பேருக்குத் தேவைதான், ஆனால் அவர்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் செய்வது இதுதான்: எஞ்சின் சுழற்றும் சக்கரத்தின் வேகத்தையும், சும்மா உருண்டு வரும் சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிடும், வித்தியாசம் எல்லை மீறினால் எஞ்சினின் இழுவையைக் குறைக்கும். முன் சக்கரம் 66 கிலோமீட்டர் வேகத்திலும் பின் சக்கரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும் சுற்றினால் 10 சதவீதம் ஸ்லிப். ஸ்லிப் என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயர் தன் முழுப் பிடியைக் கொடுப்பதே சுமார் 10 முதல் 15 சதவீத ஸ்லிப்பில்தான். அதைத் தாண்டினால் பிடி விழ ஆரம்பிக்கும். கூடவே பக்கவாட்டுப் பிடியும் போய்விடும் என்பதால்தான் கார் லேன் மாறுகிறது.

இந்த வேலையைச் செய்யும் அமைப்பு உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கலாம். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதாவது நாலு சக்கரத்திலும் வேக சென்சார் இருக்கிறது. கார் வழுக்கித் திரும்பாமல் காக்கும் ஈஎஸ்சியும் உள்ள கார் என்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அதோடு வந்திருக்கும். அப்புறம் ஏன் டயர் சுற்றுகிறது? பெரும்பாலும் மேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரில் எழுதிய அளவுகள்தான் காரணம்.

கம்பெனி அமைப்பில் ஏபிஎஸ் யூனிட் ஸ்லிப்பைப் பார்த்ததும், காரின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசும் கேன் லைன் வழியாக, எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவிடம் "டார்க்கை 120 நியூட்டன் மீட்டருக்கு இறக்கு" என்று கேட்கும். ஈசியூவிடம் டார்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையை, அளக்கும் கருவி எதுவும் இல்லை. உள்ளே போகும் காற்று, பெட்ரோல், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) ஆகியவற்றிலிருந்து கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. மேப் எழுதியவர், கம்பெனி வைத்த உச்சவரம்பான டார்க் லிமிட்டரைத் தாண்டுவதற்காக அந்தக் கணக்கையே பொய்யாக்கியிருந்தால், ஈசியூ 120 என்று நினைத்துக் கொடுப்பது நிஜத்தில் 170 ஆக இருக்கும். ஏபிஎஸ் யூனிட் மறுபடி கேட்கும், இதுவும் மறுபடி குறைவாகவே இறக்கும். அதற்குள் டயர் புகைந்துவிடும். இந்தக் காருக்கு மருந்து டார்க் கணக்கை ஒழுங்காக எழுதிய மேப்தான், பாக்ஸ் அல்ல. எந்தக் கியரில் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) என்று தனித்தனியாக வைக்க முடிந்தால் முதல் இரண்டு கியரில் குறைத்து வைத்தாலே தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். பவரை அளந்து தரும் டைனோ ஷீட்டில் காட்ட அது அவ்வளவு அழகாக இருக்காது, அதனால் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

பாக்ஸ் நிஜமாகவே தேவைப்படுவது கம்பெனி ஈசியூவையே கழற்றிவிட்டு ஹால்டெக், லிங்க், மோடெக் போன்ற தனி ஈசியூ போட்ட காருக்கும், டிராக்‌ஷன் கன்ட்ரோலே இல்லாத பழைய காரில் பெரிய டர்போ ஏற்றியவர்களுக்கும்தான். தனி ஈசியூக்கள் பலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கும். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி ஈசியூ போனதும், அதோடு பேசிக்கொண்டிருந்த ஏபிஎஸ் யூனிட்டுக்கு வர வேண்டிய தகவல் வராது. மீட்டரில் ஈஎஸ்சி விளக்கு எரியும், ஈஎஸ்சி ஓய்வெடுத்துக்கொள்ளும். 1995-ல் போஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காரில் கொண்டுவந்த அந்த ஈஎஸ்சி, ஸ்டீயரிங் திருப்பிய கோணத்தையும் கார் உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, தேவைப்பட்ட ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடிக்கும். நாம் மாட்டும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பிரேக்கைத் தொடாது. எஞ்சினை அடக்க மட்டுமே அதற்குத் தெரியும். ஆக்சிலேட்டரில் காலே வைக்காமல், ஈரமான வளைவில் வேகமாக நுழைந்து பின்பக்கம் வழுக்கும் காருக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. "ஈஎஸ்சி போனா என்ன, டிராக்‌ஷன் போட்டாச்சே" என்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் அதோடு கிளம்பிவிடுவதும் உண்டு. சரி, போகட்டும்.

இனி சென்சார். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சக்கர சென்சாரில் இரண்டு வகை. பழைய கார்களில் இருப்பது காந்தமும் காயிலும் மட்டும் உள்ளது. அதுவே மின்னலையை உண்டாக்கும். மெதுவாகப் போகும்போது அந்த அலை மிகச் சின்னதாகிவிடும், அதனால் ஊர்ந்து செல்லும் வேகத்தில் அதை நம்ப முடியாது. புதிய கார்களில் இருப்பது ஆக்டிவ் வகை. இதற்கும் இரண்டே ஒயர்தான், ஆனால் ஏபிஎஸ் யூனிட் கொடுக்கும் கரன்ட்டை 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றி மாற்றிச் சக்கரம் சுற்றுவதைச் சொல்லும். இரண்டு வகையையும் ஒரே மாதிரி நினைத்து, ஒயரைச் சீவி, பாக்ஸின் ஒயரைச் சுற்றி, மேலே டேப் ஒட்டிய கார்கள் வரத்தான் செய்கின்றன. அப்படி ஒரு காரில் டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்து நிறுத்தும் கார். உப்புக் காற்று அந்த ஒயருக்குள் ஏறி இன்சுலேஷனுக்கு அடியிலேயே ஒரு விரல் நீளத்துக்கு அரித்திருந்தது. டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு ஆசைப்பட்டு ஏபிஎஸ்ஸையும் சேர்த்து இழந்திருந்தார்.

புதிய கார் என்றால் எந்த ஒயரையும் வெட்ட வேண்டியதில்லை. ஏபிஎஸ் யூனிட்டே நாலு சக்கர வேகத்தையும் கேன் லைனில் சொல்லிக்கொண்டே இருக்கும். தனி ஈசியூ அதைக் கேட்டாலே போதும். 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை தகவல் வந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் நேரம் அது. தெருவில் ஓட்டும் காருக்கு அது தாராளம்.

சிக்னல் சுத்தமாக வந்த பிறகும் கணக்கு இருக்கிறது. யூ டர்ன் அடிக்கும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வட்டத்தில் போவதில்லை. வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட தூரம், இரண்டரை மீட்டர் உள்ள காரின் பின் ஆக்சில் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்சில் கிட்டத்தட்ட 5.6 மீட்டர் ஆரத்தில் திரும்பும். டயர் கொஞ்சமும் வழுக்காமலே முன் சக்கரம் 12 சதவீதம் அதிகமாகச் சுற்றும். எல்லையை 8 சதவீதம் என்று வைத்திருந்தால், அண்ணா நகர் ரவுண்டானாவுக்கு அப்பால் யூ டர்ன் எடுக்கும்போது எதிரே பஸ் வர, எஞ்சின் திணறி நிற்பதுபோல் ஆகும். பின் சக்கரத்தில் இழுக்கும் காரில் இதே கணக்கு தலைகீழாகி, நிஜமான ஸ்லிப்பை மறைத்துவிடும். அதனால் ஸ்டீயரிங் கோணத்தையும் ஈசியூவுக்குக் கொடுக்க வேண்டும். அது முடியாதென்றால் குறைந்த வேகத்தில் எல்லையைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

டயர் தேய்மானமும் இதே கணக்கில்தான் வரும். 205/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் டிரெட் (டயர் பள்ளத்தின் ஆழம்) 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் விட்டத்தில் 2 சதவீதம் போய்விடும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் நேராகப் போகும்போதே 2 சதவீத ஸ்லிப் காட்டும். டயர் மாற்றினால் அளவை மறுபடி பதிய வேண்டும் என்று மாட்டுபவர் உங்களிடம் சொன்னாரா?

அடுத்து, இழுவையை எப்படிக் குறைப்பது. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளலாம், ஸ்பார்க்கை வெட்டலாம், பெட்ரோலை வெட்டலாம், எஞ்சினுக்குக் காற்று விடும் எலெக்ட்ரானிக் த்ராட்டிலை மூடலாம். டைமிங்கைத் தள்ளினால் மென்மையாக இருக்கும். ஆனால் தாமதமாக எரியும் நெருப்பின் சூடு டர்போவுக்குப் போகும். த்ராட்டில் மென்மையானது, ஆனால் மெதுவானது. ஸ்பார்க்கை வெட்டினால் உடனே வேலை செய்யும்; எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டில் போய் எரியும். பட் பட் என்று சத்தம் வருவதை ரசிப்பவர்கள், பிஎஸ் 6 காரின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டால் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிட்டு ரசிக்கலாம்.

கம்பெனி ஈசியூவை வைத்துக்கொண்டே, ஸ்பார்க்கை உண்டாக்கும் இக்னிஷன் காயிலின் ஒயருக்கு நடுவில் புகுந்து வெட்டும் மலிவு பாக்ஸ்கள்தான் எனக்கு மிகப் பயம். காயில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் நடுவில் ஒயரைத் துண்டித்தால் ஸ்பார்க் வராமல் போகாது. அந்தக் கணமே, அதாவது வர வேண்டிய நேரத்துக்கு முன்பே வரும். பூஸ்ட் ஏறிய சிலிண்டரில் முன்கூட்டியே வரும் ஸ்பார்க் பிஸ்டனை உடைக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை வெட்டும் பாக்ஸ் இதைவிடத் தேவலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத கம்பெனி ஈசியூ அதை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் சரியாக எரியவில்லை) என்று எண்ணி, பழுதுக் குறியீட்டைப் பதிந்து, செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே, காற்றுக் குழாயில் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இன்னொரு சிக்கல்: வெட்டி முடித்துப் பெட்ரோல் திரும்பி வரும் முதல் சுற்றில், அதில் கொஞ்சம் காய்ந்த குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து லீனாகிவிடும். இதை மேப்பில் ஈடுகட்டத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

மாட்டுபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரு சென்சார் செத்தால் என்ன ஆகும்?" ஈசிஆரில் லாரியை ஓவர்டேக் செய்கிறீர்கள். பின் சக்கர சென்சாரின் கனெக்டர் தளர்ந்து வேகம் பூஜ்யம் என்று காட்டுகிறது. முன் சக்கரம் 90-ல் இருக்கிறது, பின் சக்கரம் நிற்கிறது என்றால் பாக்ஸுக்கு அது மாபெரும் ஸ்லிப். எஞ்சினை வெட்டும், எதிர் லேனில். ஒழுங்காக அமைத்த சிஸ்டம், ஓடும் கார் சட்டென்று பூஜ்யமாக முடியாது என்பதை அறிந்து, விளக்கைப் போட்டுவிட்டுத் தானே விலகிக்கொள்ளும். எங்களிடம் இதைச் சோதிக்காமல் சாவியைக் கொடுப்பதில்லை. காலியான இடத்தில் காரை ஓட்டி, நாலு சக்கரமும் சுற்றும்போதே பின் சென்சாரின் இணைப்பைத் துண்டித்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், பார்க்கச் சொல்வோம்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை அமைக்கும் இடம் நள்ளிரவு ஓஎம்ஆர் சாலை அல்ல. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்ட விடும் நாள்) கிடைக்கும்போது போய், டேட்டா லாக் எடுத்து, ஸ்லிப் எவ்வளவு, எவ்வளவு வெட்டியது, எத்தனை வேகமாக மீண்டது என்று பார்த்து எண்களை நகர்த்த வேண்டும். தெருவுக்கு ஒரு அமைப்பு, டிராக்குக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று ஸ்விட்சில் வைத்துக்கொள்ளலாம். மழை அமைப்பில் எல்லையும் குறைவு, பூஸ்ட்டும் குறைவு. நம் ஊர் மழையில் மேம்பாலத்து இரும்பு ஜாயின்ட், மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, வெள்ளைப் பெயின்ட் கோடு என எல்லாம் ஒரே தெருவில் வரும். அந்தத் தகட்டின் மேல் எந்த அமைப்பும் பிடியை உண்டாக்கித் தராது. இருக்கிற பிடியைச் செலவழிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிடி டயரிலிருந்து வருவது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3518 என்றால் 2018-ன் 35-வது வாரம். அந்த டயரோடு டிராக்‌ஷன் கன்ட்ரோல் விலை கேட்டு வந்தால், முதலில் டயர் கடைக்குத்தான் அனுப்புவேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. பாதுகாப்புக்காக மாட்டினேன் என்று சொன்னால் பெரிய டர்போவும் எக்ஸாஸ்ட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடாது. இன்ஷூரன்ஸில் சொல்லாத மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் தகராறாகும். டிராக்குக்கு மட்டும் என்றால் டிரெய்லரில் கொண்டுபோங்கள்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்களுக்கு: தெருவில் முழங்கால் தண்ணீரில் ஓட்டியிருந்தால், ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் ஒன்றாகத் திறந்து வைத்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டிப் பாருங்கள். நாலும் ஒட்டியே ஏற வேண்டும். ஒன்று மட்டும் துள்ளினால் கனெக்டரைப் பாருங்கள். பேரிங் மாற்றிய பிறகு ஒரு சக்கரம் அடியோடு காணாமல் போயிருந்தால், பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பல கார்களில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலில் மட்டும்தான் இருக்கும், பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும்.