சைல்ட் சப்போர்ட் கம்ப்ளையன்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நியூயார்க் மாநிலத்தில் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்தால், படிவத்தில் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பகுதி வரும். பிள்ளைக்காகக் கோர்ட் விதித்த பணத்தைக் கட்டுகிறீர்களா, நான்கு மாதமோ அதற்கு மேலோ பாக்கி இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த நிபந்தனைக்குப் பெயர்தான் சைல்ட் சப்போர்ட் கம்ப்ளையன்ஸ். 'குழந்தை ஆதரவு இணக்கம்' என்று அப்படியே தமிழாக்கினால், குழந்தைகள் நலனுக்கு ஆதரவாகக் கையெழுத்து வேட்டை நடப்பது போலிருக்கிறது. பண வாசனையே இல்லை.

சப்போர்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீன். 'சுப்' கீழே, 'போர்த்தாரே' சுமப்பது, கீழிருந்து தாங்குவது. தமிழ்நாட்டில் ஜீவனாம்சம் என்பார்கள். ஜீவனமும் அம்சமும் சேர்ந்த வடசொல், பிழைப்புக்கான பங்கு. ஆனால் அதைக் கேட்டதும் பிரிந்த மனைவிதான் நினைவுக்கு வருகிறார், பிள்ளை வருவதில்லை. இலங்கைத் தமிழர் 'தாபரிப்பு' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் அதுதான். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் அகராதியைப் புரட்ட வேண்டிவரும். சரி, 'பிள்ளைப் பராமரிப்புத் தொகை' என்றே வைத்துக்கொள்வோம்.

லைசென்ஸ், 'அனுமதி உண்டு' என்ற பொருள் தரும் லத்தீன் 'லிகேரே'யிலிருந்து வந்தது. நாம் உரிமம் என்கிறோம், இலங்கையில் அனுமதிப்பத்திரம். மூலத்துக்கு அருகில் இருப்பது இலங்கைச் சொல்தான். உரிமம் என்றால் ஏதோ நம் சொத்து போலத் தொனிக்கிறது. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அதில் தெரிவதில்லை.

திரும்ப வாங்கும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்தாக வேண்டும் என்று 1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் சொன்னது. தொழில் உரிமம் மட்டுமல்ல, டிரைவிங் லைசென்ஸும் பொழுதுபோக்கு உரிமங்களும் அதில் அடக்கம். மாதச் சம்பளக்காரரிடம் சம்பளத்திலேயே பிடித்துவிடலாம். சொந்தமாகத் தொழில் செய்யும் பிளம்பரிடம் எப்படிப் பிடிப்பது? அவருக்கு முதலாளி கிடையாது, உரிமம்தான் பிடி. டெக்சாஸில் மூன்று மாதத் தொகை அளவுக்குப் பாக்கி சேர்ந்தாலே உரிமத்தை நிறுத்திவைக்க வழியுண்டு. தொழிலை நிறுத்திவிட்டால் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. கலிபோர்னியா அதனால்தானோ என்னவோ, விண்ணப்பிப்பவருக்குப் பாக்கி இருந்தாலும் 150 நாளுக்குத் தற்காலிக உரிமம் தருகிறது.

அப்புறம் கம்ப்ளையன்ஸ். நம் அலுவலகங்களில் புழங்கும் 'நிலுவையில்லாச் சான்று' சட்டென நினைவுக்கு வரும். வீட்டு வரி பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்கு இது உடனே புரியும். ஆனாலும் முழுதாகப் பொருந்தாது. நியூயார்க் படிவத்தில், நான்கு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தாலும் ஒப்புக்கொண்ட தவணைப்படி கட்டிவருபவர் தகுதி இழப்பதில்லை. நிலுவை இருக்கிறது, குற்றமில்லை.

கம்ப்ளை என்பதன் லத்தீன் மூலம் 'கொம்ப்ளேரே', நிறைப்பது. வளைந்துகொடுத்தல் என்ற சாயல் பின்னால் ஏறியது; 'இணக்கம்' அந்தச் சாயலைத்தான் பிடித்துக்கொண்டது. ஆணையில் சொன்னதை நிறைவேற்றுவதே இங்கே கேட்கப்படுவது. ஆகவே என் மொழிபெயர்ப்பு: 'பிள்ளைப் பராமரிப்பு ஆணையை நிறைவேற்றல்'. படிவத்தில் இடம் போதவில்லையென்றால், 'பராமரிப்புத் தொகை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா?'