இன்சுலேஷன்: தீவாக்குவதா, காப்பதா?

இன்சுலேஷன்: பெயர்ச்சொல். தமிழில் காப்பு. வெப்பத்தைப் பற்றிய பேச்சென்றால் வெப்பக்காப்பு, மின்சாரத்துக்கு மின்காப்பு. 'ஸ்ப்ரே ஃபோம் இன்சுலேஷன்' என்பதற்குத் தெளிப்பு நுரைக் காப்பு. ஒப்பந்தக்காரர்கள் பேச்சில் இது 'பஃப் அடிக்கிறது'. பாலியூரித்தேன் ஃபோம் என்பதன் சுருக்கம் அது. பேக்கரி பப்ஸுக்கும் இதற்கும் உறவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'இன்சுலா' என்றால் தீவு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'இன்சுலேட்' என்ற வினைக்குத் தீவாக்குவது என்பதே நேர்ப்பொருள். 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள், ஒரு பொருளைச் சுற்றியுள்ளவற்றோடு ஒட்டாமல் தனித்து நிறுத்துவதற்கு இதை எடுத்துக்கொண்டார்கள். வெப்பத்துக்கும் ஒலிக்கும் அதன் பின்னரே வந்தது. கணையத்தில் தீவுத்திட்டுகளாகக் கிடக்கும் செல்களில் சுரப்பதால் பெயர் பெற்ற இன்சுலினும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழ்ச் சொல் வேறு வழியில் வந்தது. 'கா' என்ற வேரிலிருந்து காப்பு, காவல், காப்பீடு எல்லாம் கிளைக்கின்றன. கையில் போடுவது காப்பு, நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்பு, மாரியம்மன் திருவிழாவில் கட்டுவதும் காப்பு. பள்ளிப் பாடநூலில் 'அரிதிற் கடத்தி' என்று படித்திருப்போம். அது பொருளின் தன்மையைச் சொல்வது, செய்யும் வேலையை அல்ல. இலங்கைத் தமிழர் பாடநூலில் இன்சுலேட்டருக்குக் 'காவலி' என்று பெயர். இதுவும் கா வேர்தான், அழகான சொல். தமிழ்நாட்டில் 'காப்பு' என்று மொட்டையாகச் சொன்னால் வளையலா, போலீஸ் பாதுகாப்பா, எல்.ஐ.சி.யா என்ற குழப்பம் வரும். அதனால் 'வெப்பக்காப்பு' என்று முழுதாகச் சொல்வதே நல்லது. 'வெப்பத்தடுப்பு' என்றும் எழுதுகிறார்கள். வெப்பத்தை எதுவும் முழுக்கத் தடுப்பதில்லை, வருகிற வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தச் சொல் கொஞ்சம் மிகை.

இந்த இரு வேர்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் செட்டிநாட்டில் வீடு வைத்திருப்பவர் கவனிக்கத்தான் வேண்டும். தெளிப்பு நுரை குளிர்நாட்டில் பேர் வாங்கியது இரண்டு குணங்களால்: வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது ஒன்று, காற்று புகும் சந்துகளை அடைத்துவிடுவது இன்னொன்று. அங்கே உள்ளே சூடேற்றிய காற்று வெளியே போகாமல் வீட்டைத் தீவாக்க வேண்டும். வளவு, அதாவது நடுமுற்றம், வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் கானாடுகாத்தான் வீட்டிலோ அந்த இரண்டாவது குணத்துக்கு வேலையே இல்லை. முகப்பில் நுழையும் காற்று வளவைக் கடந்து இரண்டாம் கட்டு வழியாகப் பின்வாசலுக்குப் போகத்தான் வீட்டையே கட்டியிருக்கிறார்கள். நமக்குச் சிக்கல் ஒன்றே ஒன்று: தலைக்கு மேல் விழும் வெயில். சித்திரையில் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தொடும். இரவு பத்து மணிக்கும் கூரை அனலைக் கக்கும். ஆகவே தேர்வின் முதல் கேள்வி எந்த நுரை என்பதல்ல, எந்தக் கூரை என்பது.

பொருளைப் பற்றி. 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டார்கள். இரண்டு திரவங்கள் சேர்ந்துதான் நுரையாகிறது. ஒரு டிரம்மில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். இன்னொன்றில் பாலியாலோடு கிரியாவூக்கி, தீத்தணிப்பான், நுரையூட்டி ஆகியவற்றின் கலவை. இரண்டும் சூடேற்றிய குழாய்களில் அழுத்தத்தோடு வந்து துப்பாக்கி முனையில் கன அளவில் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்கின்றன. தெளித்த சில நொடிகளில் பொங்கி இறுகிவிடும். நுரையூட்டியாக வெகுகாலம் இருந்த எச்.சி.எஃப்.சி.-141பி ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்பதால், 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. எனவே டிரம்மில் என்ன நுரையூட்டி என்று கேட்பது நியாயமான கேள்வி.

வகை இரண்டு. நுரைக்குள் இருக்கும் நுண்குமிழிகளைத்தான் இங்கே 'அறை' என்கிறோம். திறந்த அறை நுரை: கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ, மெத்தென்று அமுங்கும், நீரைக் குடிக்கும். மூடிய அறை நுரை: 30 கிலோவுக்கு மேல், கெட்டி, நீர் எளிதில் புகாது. நம் ஊர்க் கூரைக்குத் திறந்த அறை நுரை வேண்டாம். ஏ.சி. அறையில் கூரையின் அடிப்பக்கம் அதை அடித்தால் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று அதற்குள் புகுந்து, குளிர்ந்த இடத்தில் நீராகும். ஒலி அடங்க வேண்டிய உள் அறைச் சுவர்களுக்கு அது பொருந்தும். மொட்டை மாடிக்கு மூடிய அறை நுரை, அதுவும் ஆள் நடமாட்டத்தைத் தாங்கும் 40 முதல் 45 கிலோ அடர்த்தியில்.

தடிமனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், பெரும்பாலும் தாமாகவே. 120 மி.மீ. கான்கிரீட் தளத்தின் யூ மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு இறங்கும் வெப்பம், சுமார் 3.5 வாட். வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான 2018ஆம் ஆண்டு எக்கோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு 1.2க்கு மேல் போகக்கூடாது என்கிறது. கணக்குப்படி 14 மி.மீ. நுரையே அதற்குப் போதும். 25 மி.மீ. போட்டால் 0.78, 50 போட்டால் 0.44, 100 போட்டால் 0.23. முதல் 25 மில்லிமீட்டரே இறங்கும் வெப்பத்தில் முக்கால் பங்கைக் குறைத்துவிடுகிறது. 50க்கு மேல் காசுதான் கரைகிறது. சாதாரண வீட்டுக்கு 40 மி.மீ., நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறைக்கு 50 என்று நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் நுரையின் வெப்பக் கடத்துதிறனை 0.025 என்று வைத்திருக்கிறோம். விளம்பரத் தாளில் 0.020 என்றோ அதற்குக் கீழோ இருக்கும். அது புது நுரையின் எண். அறைகளுக்குள் இருக்கும் வாயு மெல்ல வெளியேறி காற்று புகும்போது எண் ஏறும், ஆகவே 'வயதான மதிப்பு' எவ்வளவு என்று கேட்க வேண்டும். வெப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டுவது ஆர் மதிப்பு. 'ஆர் 6' என்று அச்சிட்டிருந்தால் அது ஓர் அங்குலத் தடிமனுக்கு, அமெரிக்க அலகில். மெட்ரிக் ஆர் மதிப்போடு ஒப்பிடும் முன் அதை 5.68ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

நுரையைத் தளத்துக்கு மேலே அடிப்பதா, அடியிலா? மேலே. அப்போது தளம் குளிர்ச்சியாக இருக்கும், வெயிலில் விரிந்து சுருங்கி வெடிக்காது, நீர்க்காப்பும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும். அடியில் அடித்தால் தளம் வெயிலில் வெந்துகொண்டே இருக்கும். அதைவிடக் கேடு, மேலே கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் கம்பி துருப்பிடிக்கும். மேல்வீட்டுக்காரர் வேறு ஆளாக இருந்தாலோ, தகரக் கொட்டகையாக இருந்தாலோ அடியில் அடிப்பதைத் தவிர வழியில்லை. அப்படி அடித்தால் நுரையை வெறுமையாக விடக்கூடாது. பாலியூரித்தேன் உருகாது, எரியும். அடர்ந்த புகையோடு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். அரை அங்குல ஜிப்சம் பலகையாவது கட்டாயம். அடுப்படிக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். ஒயரை நுரைக்குள் புதைத்தால் அதன் சூடு வெளியேறாது; ஒயர் ஓடும் குழாயை வெளியே இழுத்துவிட்டுப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை. ஆடியில் காற்று நுரைத் தூறலைப் பக்கத்து வீட்டுக் கார் மேல் கொண்டுபோய் ஒட்டும், ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மார்கழியில் பனி காய்வதற்கே பத்து மணியாகிவிடும். ஈரம்தான் முதல் எதிரி: ஐசோசயனேட் பாலியாலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடும், நுரை தளத்தில் பிடிக்காமல் உப்பிப் பெயரும். முதல்நாள் மாலை ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் அடியில் நீர் முத்து இருந்தால் அன்று வேலை இல்லை. கட்டாந்தளத்தில் நடு மதியமும் ஆகாது. தளம் கொதித்தால் நுரை பரவும் முன்பே பொங்கிவிடும். பனி காய்ந்ததும் தொடங்கி உச்சிக்கு முன் முடிப்பதே சரி.

பெயர்ந்து கிடக்கும் பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு, வெடிப்புகளை அடைத்து, வாட்டம் சரியா என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரை வாட்டத்தைச் சரிசெய்யாது, இருக்கும் பள்ளத்தையே பிரதி எடுக்கும். பிறகு பிரைமர். நுரையை ஒரே மூச்சில் 50 மி.மீ. ஏற்றக்கூடாது. 15 முதல் 25 மி.மீ. வரை ஒரு படலம், அது ஆறியபின் அடுத்தது. வேதிவினை வெப்பத்தை விடுவது. தடித்த ஒரே படலத்தில் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் நுரையின் நடு கருகும், தீப்பிடித்ததும் உண்டு. கைப்பிடிச் சுவரோரம் மூலையை வளைத்து ஒரு சாணுக்காவது மேலேற்ற வேண்டும். வெயிலில் விட்டால் நுரை மஞ்சளாகிப் பொடியாக உதிரும். ஆகவே ஓரிரு நாளுக்குள் ரப்பர்போல் இழுபடும் எலாஸ்டோமெரிக் பூச்சு, அல்லது கோழி வலை வைத்த கான்கிரீட் பூச்சும் அதன்மேல் தட்டோடும். நடமாட்டம் உள்ள மாடிக்கு இரண்டாவதுதான் நிற்கும்.

ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 50 மி.மீ.க்கு 4.65 கன மீட்டர் நுரை. 45 கிலோ அடர்த்தியில் 209 கிலோ. சேதாரம் சேர்த்தால் 230 கிலோவாவது டிரம்மிலிருந்து குறைந்திருக்க வேண்டும். நூற்றைம்பதுதான் குறைந்தது என்றால் அடர்த்தியோ தடிமனோ போயிற்று. மி.மீ. குறித்த கம்பியைப் பல இடங்களில் குத்தித் தடிமன் பாருங்கள். ஓரத்தில் 10 செ.மீ. நீள அகலத்தில் 5 செ.மீ. ஆழத் துண்டு ஒன்றை வெட்டி நகைக்கடைத் தராசில் வைத்தால் 22.5 கிராம் வர வேண்டும். வெட்டிய இடத்தை உடனே அடைக்கச் சொல்லுங்கள்.

இரு டிரம்மும் கன அளவில் சமமாகக் குறைகிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ஐசோசயனேட் கூடினால் நுரை கண்ணாடிபோல் நொறுங்கும். பாலியால் கூடினால் பிசுபிசுக்கும், மீன் கவிச்சி வீசும். அந்த நாற்றம் சாம்பிராணி போட்டால் போகாது. நுரையைச் சுரண்டி எறிவதுதான் ஒரே வழி. வடிகட்டி அடைப்பும், குழாயில் சூடு குறைவதும், டிரம்மைக் கலக்காமல் விட்டதுமே பெரும்பாலும் காரணம். நல்ல நுரை வெளிர் மஞ்சளாக, ஆரஞ்சுத் தோல்போல் இருக்கும். சோளப்பொரி போலப் பொங்கிய பரப்பில் பூச்சு ஒட்டாமல் ஊசித்துளை விழும்.

அடிப்பவருக்குக் காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். ஐசோசயனேட் ஒருமுறை மூச்சுக்குழாயை உணர்வேற்றிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். வீட்டார் 24 மணி நேரம் வெளியே இருப்பது நல்லது. இறுகிய பின் நுரை தொந்தரவு செய்யாது.

பழைய வீட்டு ஓட்டுக்கூரை வேறு கதை. பர்மாத் தேக்குச் சட்டத்தின் மேல் நாட்டு ஓடு வேய்ந்த கூரைக்கு அடியில் நுரை அடிக்கலாமா என்றால், கூடாது. ஓடு உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது; நுரை ஓட்டையும் சட்டத்தையும் ஒரே கட்டியாக்கிவிடும். மழை நீர் இறங்கினால் மரத்துக்கும் நுரைக்கும் இடையே தங்கும். கறையான் ஏறினாலும் உத்திரம் கைவிடும்வரை கண்ணில் படாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி விடுவது. அதன்மேல் நீராவி புகாத நுரையை ஒட்டினால் ஈரம் உள்ளேயே தேங்கிப் பூச்சு உப்பும். அந்த வீட்டுக்குக் காப்பு வேறு வடிவில் ஏற்கெனவே இருக்கிறது: உயர்ந்த கூரை, ஓட்டு அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்று, தடித்த சுவர். உடைந்த ஓட்டை மாற்றி, அடைத்து வைத்த சாளரத்தைத் திறந்தாலே பாதி வேலை முடியும். பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம் இருந்தால் அதற்கு மட்டும் நுரை.

புது வீட்டுக்காரரும் நுரைக்கு முன் வெள்ளையடிப்பை எண்ணிப் பார்க்கலாம். மாடியில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. செலவு நுரையில் ஒரு சிறு பங்கு. ஏ.சி. இல்லாத வீட்டுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அழுக்குப் படிந்தால் பலன் குறையும் என்பதால் கழுவவும் மறுபூச்சுப் போடவும் வேண்டும்.

கடையில் 750 மில்லி டப்பாவில் விற்பதும் பாலியூரித்தேன் நுரைதான், ஆனால் காற்றின் ஈரத்தால் இறுகும் ஒற்றைக் கலவை. ஏ.சி. குழாய் நுழையும் துளைக்கும் கதவு நிலையோரச் சந்துக்கும் அது ஏற்றது. கூரைக்கு அதை வாங்கி அடிப்பது வீண்: தடித்துப் போட்டால் வெளித்தோல் மட்டும் இறுகி உள்ளே பசையாகவே கிடக்கும். துளையில் பாதியளவே நிரப்புங்கள், மீதியை அது பொங்கி நிரப்பிக்கொள்ளும். துருத்தியதை மறுநாள் கத்தியால் சீவி, மேலே சிமென்டோ பெயின்டோ பூசிவிடுங்கள்.