சொல் விளக்கம்: பிராண்ட்

சோப்பு, செருப்பு, போன் என எதை வாங்கினாலும் அதன் மேல் இருக்கும் கம்பெனிப் பெயரைத்தான் இன்று பிராண்ட் என்கிறோம். ஆனால் இந்தச் சொல் பிறந்தது நெருப்பில். பழைய ஆங்கிலத்திலும் வட ஐரோப்பாவின் நார்ஸ் மொழியிலும் இதற்கு எரிகிற கட்டை, கொள்ளி என்று பொருள். கொள்ளியைக் குறித்தது, பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கு இடும் சூட்டைக் குறித்தது. சாராயப் பீப்பாய்களிலும் அப்படியே சுட்டு அடையாளம் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த அடையாளமே சரக்கின் பெயராகிவிட்டது. ‘பிராண்ட் நியூ’ என்பதும் உலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்ற பொருளில் வந்ததே.

சொல்லின் பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் ஒரே சரக்கில் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்க பிக்கப் டிரக்கைப் பார்க்கலாம், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள வண்டியை. டெக்சஸில் ரிச்சர்ட் கிங் 1853இல் தொடங்கிய கிங் ராஞ்ச் பண்ணை இன்று ஏறத்தாழ 8,25,000 ஏக்கர். அதன் மாடுகளுக்கு இட்ட சூடு, பாம்பு போல் நெளியும் ஒரு ‘டபிள்யூ’. 2001 மாடல் முதல் ஃபோர்டு தன் எஃப்-150 டிரக்கில் ‘கிங் ராஞ்ச்’ என்ற விலை கூடிய வகையை விற்கிறது. இருக்கைத் தோலில் அதே நெளி டபிள்யூ பதிந்திருக்கும். தொடக்கத்தில் வந்த வண்டிகளில், குதிரைச் சேணத்துக்குச் செய்வதுபோல அந்தத் தோலுக்கும் அவ்வப்போது களிம்பு தேய்க்க வேண்டியிருந்தது. ஒரு மாட்டைக்கூட மேய்த்திராதவரும் அதில் உட்கார்ந்தால் பண்ணைக்காரராக உணர முடிந்தது.

1925இல் ஃபோர்டு தன் மாடல் டி காரின் பின்புறம் சரக்குத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்றபோது அது வெறும் வேலைக்கான வண்டி. அதை ஒரு குணத்தின் அடையாளமாக ஆக்கியவை விளம்பரங்கள். ஃபோர்டுக்கு ‘பில்ட் ஃபோர்டு டஃப்’ (ஃபோர்டு உறுதியோடு கட்டியது), போட்டி நிறுவனமான செவ்ரலேவுக்கு 1991 முதல் 2004 வரை ஓடிய ‘லைக் எ ராக்’ (பாறை போல): இரண்டும் சொன்னது வண்டியின் உறுதியை மட்டுமல்ல, ஓட்டுகிறவரின் உறுதியையும்தான். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தின்போது 2013இல் வந்த, ‘ராம்’ என்ற பிக்கப் பிராண்டின் விளம்பரம் இதன் உச்சம். இரண்டு நிமிடமும் அசையாப் படங்கள். பின்னணியில் வானொலிக் குரலாளர் பால் ஹார்வி 1978இல் விவசாயியைப் போற்றி ஆற்றிய உரை. எஞ்சின், இழுவைத் திறன், விலை எதைப் பற்றியும் பேச்சில்லை. உருக்கமான விளம்பரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் வந்த முகங்கள் பெரும்பாலும் வெள்ளையர் முகங்கள். அமெரிக்க வயல்களில் கூலிக்கு உழைப்பவர்களில் மெக்சிகோ வழிவந்தவர்களே மிகுதி என்பதை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். உழைப்பைப் போற்றும்போது உழைப்பவர்களையே விட்டுவிடுவது பெரிய குறை.

வண்டிக்குப் போட்ட சூடு ஓட்டுகிறவர் மேலும் விழுகிறது. பிக்கப் வைத்திருந்தால் நாட்டுப்புறத்து ஆள், முரட்டு ஆண், பழமைவாதி என்று அங்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். வண்டியில் சேறு படாவிட்டாலோ ‘பேவ்மெண்ட் பிரின்சஸ்’, அதாவது தார்ச்சாலை இளவரசி என்ற கேலி. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் டிரக். இத்தனை பேர் வாங்கும் வண்டியை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்வது எப்படி நியாயமாகும்?

19ஆம் நூற்றாண்டு டெக்சஸில் சாமுவேல் மாவெரிக் என்பவர் தன் மாடுகளுக்குச் சூடு போடாமலே விட்டார். அதனால் சூடில்லாத மாட்டுக்கு ‘மாவெரிக்’ என்ற பெயர் வந்தது. பிறகு கூட்டத்தோடு சேராத மனிதரையும் அது குறித்தது. 2021இல் ஃபோர்டு அறிமுகம் செய்த சிறிய பிக்கப்பின் பெயரும் மாவெரிக். அதுவரை டிரக் பக்கமே போகாத நகரவாசிகளையும் இழுக்க வந்த வண்டி அது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பொறி’ பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் சரக்கு மூட்டைகளில் சோழரின் சின்னம் பதித்ததைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்கிறது. ஆனால் அது அரசின் அடையாளம், விற்பவருடையது அல்ல. தவிர, பொறி என்றால் இன்று எந்திரமும் எலிப்பொறியுமே நினைவுக்கு வரும். ‘வணிகக்குறி’ டிரேட்மார்க்குக்கும் ‘இலச்சினை’ லோகோவுக்கும் வழங்கிவிட்டன. ‘வணிக முத்திரை’ என்பதே என் தேர்வு. முத்திரை வடமொழியிலிருந்து வந்ததுதான்; ஆனாலும் ஸ்டீரியோடைப் செய்வதற்கு ‘முத்திரை குத்துதல்’ என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் சரக்குக்கும் ஆளுக்கும் ஒரே சொல் பொருந்துகிறது. பிராண்ட் இமேஜுக்குப் புதுச்சொல் கட்ட வேண்டாம், ‘பேர்’ போதும். “அந்த டிரக்குக்கு உழைப்பாளி வண்டி என்று பேர், அதை ஓட்டுகிறவர்களையும் அப்படியே முத்திரை குத்திவிட்டார்கள்” என்று எழுதினால் யாருக்கும் புரியும்.