குடிநோயாளிக்குக் கல்லீரல்: வரிசையில் எந்த இடம்?

ஒருவரின் கல்லீரல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை மூன்று இரத்தப் பரிசோதனைகள் ஏறக்குறையச் சொல்லிவிடுகின்றன. பிலிருபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு இரத்தத்தில் ஏறினால், கல்லீரலால் அதை வெளியேற்ற முடியவில்லை என்று பொருள். ஐ.என்.ஆர். என்ற இரத்த உறைவு அளவு கூடினால், இரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல் போதிய அளவு தயாரிக்கவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ஏறினால், சிறுநீரகமும் கூடவே தளர்கிறது. இந்த மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் 6 முதல் 40 வரை ஓர் எண் கிடைக்கும். அதுதான் மெல்ட் மதிப்பெண். எண் பெரிதானால், அடுத்த மூன்று மாதங்களுக்குள் நோயாளி இறந்துபோகும் வாய்ப்பும் பெரிது. 2002 முதல் அமெரிக்காவில் இறந்தவர்களின் கல்லீரல் யாருக்குப் போக வேண்டும் என்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்கிறார்கள். பின்னாளில் சோடியம் போன்ற அளவுகளும் சூத்திரத்தில் சேர்ந்தன. இந்திய மருத்துவர்களும் நோயின் கடுமையை இதைக் கொண்டு அளக்கிறார்கள்.

கல்லீரல் எதனால் கெட்டது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. மஞ்சள் காமாலைக் கிருமியோ, சர்க்கரை நோயோ, பிறவிக் குறையோ, சாராயமோ, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஆனால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் மதிப்பெண்ணுக்கு வேலை. அதற்கு முன்பு ஒரு குழு கூடுகிறது. அறுவை சிகிச்சை நிபுணர், கல்லீரல் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் என்று பலர் அதில் இருப்பார்கள். குடியால் கல்லீரல் கெட்டவரிடம் அங்கே ஒரு கேள்வி தவறாமல் வரும்: கடைசியாக எப்போது குடித்தீர்கள்? ஆறு மாதம் ஆகவில்லை என்றால் பல இடங்களில் பெயர் பட்டியலில் ஏறாது.

இந்த ஆறு மாதக் கெடு எங்கிருந்து வந்தது? மனிதருக்கு முதன்முதலில் கல்லீரல் மாற்று செய்தவர் அமெரிக்கரான தாமஸ் ஸ்டார்சல், ஆண்டு 1963. குடியால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மாற்று செய்தாலும் மற்ற நோயாளிகளைப் போலவே உயிர் பிழைக்கிறார்கள் என்று 1988-இல் அவருடைய குழு காட்டியது. அதுவரை கிட்டத்தட்ட மூடியிருந்த கதவு அதன் பிறகு திறந்தது. கூடவே பயமும் வந்தது. புதிய கல்லீரலையும் குடித்தே அழித்துவிட்டால்? 1990-களில் ஆறு மாத மதுவிலக்கு பல மையங்களின் வழக்கமாகிவிட்டது.

அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன்.

முதல் காரணம் மருத்துவம் சார்ந்தது, நியாயமானது. குடித்த மது கல்லீரல் செல்லுக்குள் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அது செல்களைக் காயப்படுத்த, பக்கத்தில் அமைதியாக வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டிருந்த விண்மீன் வடிவச் செல்கள் தூண்டப்பட்டு நார்த்திசுவைப் பின்னத் தொடங்குகின்றன. காயம் நாள்தோறும் தொடர்ந்தால் நாரும் நாள்தோறும் கூடும். கல்லீரல் இறுகிச் சுருங்கும். குடியை நிறுத்தினால் வீக்கம் தணியும், கொழுப்பு கரையும், மீதமுள்ள நல்ல செல்கள் பெருகும். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்து வந்த சிலர் மூன்று நான்கு மாதங்களில் மாற்று சிகிச்சையே வேண்டாத அளவுக்குத் தேறிவிடுவதுண்டு. பொறுக்கக்கூடிய உடம்பாக இருந்தால், அவர்களை அவசரமாக அறுவை அரங்குக்கு அழைத்துப்போவது தவறு. காத்திருக்க வைப்பதே சிகிச்சை.

இரண்டாவது காரணம், ஆறு மாதம் குடிக்காமல் இருப்பவர்தான் பிறகும் குடிக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பு. இதற்கு ஆதாரம் பலவீனமானது. ஆறாவது மாதத்தில் மூளையில் எதுவும் திடீரென்று மாறிவிடுவதில்லை. வேலை, குடும்பத்தின் துணை, மனச்சோர்வு, முன்பு எத்தனை முறை விட்டுவிட்டுத் திரும்பினார், தனக்கு இது நோய் என்று ஏற்றுக்கொள்கிறாரா என்பவை எல்லாம் சேர்ந்துதான் வருங்காலத்தைச் சொல்கின்றன. நாட்காட்டி மட்டும் போதாது.

அதைவிடக் கொடுமையான இடம் ஒன்று உண்டு. நெடுநாள் குடித்தவருக்குக் கல்லீரலில் திடீரென்று கடும் அழற்சி வரலாம். ஸ்டீராய்டு மருந்து கொடுத்து, ஏழாம் நாள் இரத்த அளவுகளை வைத்து அது வேலை செய்கிறதா என்று கணிக்கிறார்கள். பிரான்ஸின் லில் நகர மருத்துவர்கள் உருவாக்கியதால் அதற்கு லில் மதிப்பெண் என்று பெயர். மருந்து கேட்கவில்லை என்றால் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். அவர்களிடம் போய் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்கிறோம்.

இதை எதிர்த்துச் செய்து பார்த்தவர்கள் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள். மருந்து கேட்காத 26 பேரைக் காத்திருக்க வைக்காமல் மாற்று சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 2011-இல் முடிவுகள் வெளியாயின. ஆறு மாதம் கழித்து உயிருடன் இருந்தவர்கள் 77 சதவீதம். மாற்று செய்யப்படாத, அதே நிலையில் இருந்த நோயாளிகளில் 23 சதவீதம். அந்த 26 பேரில் பின்னாளில் மறுபடி குடித்தவர்கள் மூவர். ஆனால் யாரை வேண்டுமானாலும் அவர்கள் சேர்த்துவிடவில்லை. முதல் முறையாகக் கல்லீரல் கைவிட்டவர்கள், உறுதுணையான குடும்பம் உள்ளவர்கள், குழுவினர் அனைவராலும் ஒருமனதாக ஏற்கப்பட்டவர்கள் மட்டுமே. அந்த நோயோடு வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அப்படித் தேர்வாகவில்லை. அந்தத் தேர்வு எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கல்லீரலை யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு. பெங்களூரில் வாழும் நமக்கு அது பாதிக் கதைதான். 2023-இல் இந்தியா முழுவதும் மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 1,099 பேர். கர்நாடகத்தில் 178, தமிழ்நாட்டிலும் அதே 178. நாட்டின் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பகுதி உயிருடன் இருப்பவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து நடப்பது. கொடுப்பவர் சட்டப்படி நெருங்கிய உறவாக இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. மற்றவர் என்றால் தனி அனுமதிக் குழுவிடம் போக வேண்டும். நடைமுறையில் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அலசூரில் எங்கள் தெருவில் ஒரு பெயின்டர் இருந்தார். மனைவிக்குப் பொம்மனஹள்ளிப் பக்கம் கார்மென்ட்ஸ் வேலை. அவருக்குக் காமாலை முற்றி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தைப் படித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். மாமியார் ஒரே வரியில் முடித்தார்: "பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" அந்தப் பெண் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்: "அண்ணா, நான் அறுத்துக் கொடுத்த பிறகு இவர் மறுபடி குடித்தால், அந்த ஈரல் யார் கணக்கில் போகும்?" ஆலோசகரிடம் அதற்குப் பதில் இல்லை. குடிநோய்க்குச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்றும் அங்கே யாரும் சொல்லவில்லை. ஸ்கேனில் அந்தப் பெண்ணின் கல்லீரலில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்து அவரை நிராகரித்துவிட்டார்கள். மதுவை ஒரு சொட்டும் தொடாதவர். பட்டியலில் பெயர் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பெயின்டர் மூன்று வாரங்களில் இறந்துபோனார்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் இந்தத் துறையின் மையக் கேள்வியாக நான் பார்க்கிறேன். உறவினர் கொடுக்கும் கல்லீரல் என்றால், வரிசையில் நிற்கும் வேறொருவரின் இடத்தை நோயாளி பறிக்கவில்லை. அதனால் ஆறு மாத விதியைத் தளர்த்தும் மையங்கள் உண்டு. தர்க்கம் சரிதான். ஆனால் விதி தளரும்போது சுமை காணாமல் போவதில்லை. மனைவியின் உடம்புக்கு மாறுகிறது. வலது பக்கக் கல்லீரலைக் கொடுப்பவர் ஏறத்தாழ அறுபது சதவீதத்தை இழக்கிறார். அது சில மாதங்களில் பெரும்பாலும் வளர்ந்துவிடும் என்பது உண்மை. கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் ஐவர் வரை இறக்கக்கூடும் என்பதும் உண்மை. சில மாதங்கள் கனம் தூக்க முடியாது. தையல் மெஷினில் எட்டு மணி நேரம் குனிந்து உட்காரவும் முடியாது. கணவர் மறுபடி குடிக்காமல் இருக்க மருத்துவமனை என்ன செய்யப்போகிறது என்று கேட்கும் உரிமை அவருக்குத்தான் முதலில் உண்டு.

இனி, தானே தேடிக்கொண்டவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற வாதம். 1991-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இது நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. தன் பொறுப்பின்றி நோயுற்றவர்களுக்குப் பின்னால்தான் குடிநோயாளி நிற்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. மருத்துவர் நீதிபதி ஆகக் கூடாது என்றது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்பில் நிற்கிறேன். இரக்கத்தால் மட்டுமல்ல, உயிரியலாலும்.

ஆண்டுக்கணக்கில் மிதமிஞ்சிக் குடிப்பவர்களில் கல்லீரல் சுருக்கம் வருவது பத்தில் ஓரிருவருக்குத்தான். ஒரே கடையில், ஒரே மேசையில், ஒரே அளவு குடித்த நண்பர்களில் ஒருவருக்கு வயிறு வீங்குகிறது, மற்றவர் அறுபது வயதிலும் நடமாடுகிறார். பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவின் ஒரு வகை இருந்தால் கல்லீரலில் கொழுப்பு தங்கும், நாரும் வேகமாகக் கூடும். பெண்களுக்குக் குறைந்த அளவு மதுவிலேயே பாதிப்பு வருகிறது. குடிக்கு அடிமையாகும் போக்கிலும் ஏறக்குறையப் பாதி பரம்பரையைச் சேர்ந்தது. எவ்வளவு குற்றம், எவ்வளவு விதி என்று பிரித்து எடைபோடும் தராசு எந்த மருத்துவரிடமும் இல்லை.

தானே தேடிக்கொண்டது என்ற அளவுகோலை நாம் எல்லோரிடமும் வைப்பதும் இல்லை. நம் பக்கத்தில் எலி பசையைத் தின்று தற்கொலைக்கு முயல்பவர்கள் எத்தனை பேர்! அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் சில நாட்களில் கல்லீரலைக் கருக்கிவிடும். அப்படித் திடீரெனக் கல்லீரல் செயலிழந்தவர்களுக்குப் பட்டியலில் அதி அவசர முன்னுரிமை உண்டு. அது முற்றிலும் சரி. பசையை எடுத்தது அவர் கைதானே என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. உணவாலும் அசைவில்லாத வாழ்க்கையாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து சுருங்கியவரிடம், ஆறு மாதம் இனிப்பு சாப்பிடாமல் இருந்து காட்டுங்கள் என்றும் சொல்வதில்லை. குடித்தவருக்கு மட்டும் தனிக் கணக்கு.

எதிர்த் தரப்பின் ஒரு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உறுப்பு தானம் பொதுமக்களின் நம்பிக்கையில் நிற்பது. கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் 2002-இல் லண்டனில் புதிய கல்லீரல் பெற்றார், மறுபடி குடித்தார், 2005-இல் இறந்தார். பிரிட்டனில் அது பெரும் கசப்பை உண்டாக்கியது. மகனை விபத்தில் இழந்து, அழுதுகொண்டே கையெழுத்துப் போட்ட ஒரு தாய்க்கு அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் நெறி பேச முடியாது. ஆனால் ஒரு பிரபலத்தின் கதை எல்லோருடைய கதையும் ஆகிவிடாது. குடியால் மாற்று பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எப்போதாவது மீண்டும் மதுவைத் தொடுகிறார். புதிய கல்லீரலை இழக்கும் அளவுக்குக் குடிப்பவர்கள் அவர்களிலும் சிறு பகுதியே.

ஆகவே முன்னுரிமையைப் பழைய பாவத்தால் தீர்மானிக்கக் கூடாது, இந்தக் கல்லீரல் இவரிடம் எவ்வளவு காலம் வாழும் என்ற கணிப்பால் தீர்மானிக்கலாம் என்பது என் நிலை. அந்தக் கணிப்பு கடுமையாகவே இருக்கட்டும். இன்று அதற்குக் கருவியும் உண்டு. மது உடலில் இருக்கும்போது மட்டும் சிவப்பணுக்களின் சவ்வில் உருவாகும் ஒரு பொருளை அளக்கும் பெத் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று வாரங்களில் கணிசமாகக் குடித்தாரா என்பதைக் காட்டிவிடும். நோயாளியின் சத்தியத்தையும் மனைவியின் தயக்கத்தையும் நம்பி முடிவெடுக்க வேண்டியதில்லை. முடிவு தவறாக வந்தால் விரட்டாமல் சிகிச்சையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சை என்று சொல்லும்போதுதான் கோபம் வருகிறது. 2015-16-இல் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, குடிநோய் உள்ளவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அந்த நிமான்ஸ் இதே பெங்களூரில், ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. குடிவேட்கையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. கல்லீரல் கெட்டவருக்கு ஏற்றதை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் சில மருந்துகள் கல்லீரலையே தாக்கும். மாற்று சிகிச்சைக்குப் பல லட்சம் கேட்கும் மையத்தில், குடிநோய் மருத்துவர் கல்லீரல் மருத்துவரின் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதானால், அந்த ஆறு மாதமும் நோயாளியோடு யார் இருப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

கொடுப்பவரைத் தனியாக உட்கார வைத்து, நோயாளியின் குழுவைச் சேராத ஒருவர் அவருடைய மொழியில் பேச வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நினைக்கும் மனைவிக்கு, உடல் ஒத்துவரவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் அறிவித்து மருத்துவர்கள் கைகொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அலசூரிலும் சிவாஜிநகரிலும் இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் கல்லீரல் கைவிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், குடிப்பவருக்குப் பதிலாக வீட்டில் இருப்பவரே அழைக்கலாம்.