கார் கதவுக் கண்ணாடியைத் தாங்கும் பசை

கார் கதவுக் கண்ணாடியின் அடிவிளிம்பு யார் கண்ணிலும் படுவதில்லை. கதவுக்குள் இருக்கும் அந்த விளிம்பைப் பிடித்துத்தான் ரெகுலேட்டர் கண்ணாடியை ஏற்றி இறக்குகிறது. சில கார்களில் கண்ணாடியில் துளையிட்டு போல்ட் போட்டிருப்பார்கள். சிலவற்றில் ரப்பர் வைத்த கவ்வி இருக்கும். மற்றவற்றில் கண்ணாடி ‘ப’ வடிவ உலோகச் சேனலில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இந்த ஒட்டு விட்டுப்போனால் கண்ணாடி சாய்ந்து சிக்கும், அல்லது மொத்தமாகக் கதவுக்குள் இறங்கிவிடும்.

கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்ட் கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சிச் சட்டெனக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகுகிறது. உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது அதை உள்நோக்கி இழுக்கிறது. அதனால் வெளித்தோல் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், நடுப்பகுதி இழுவிசையில் இருக்கும். 4 மி.மீ. கண்ணாடியில் இந்தத் தோல் பக்கத்துக்குச் சுமார் 0.8 மி.மீ.தான். விரிசல் அதைத் தாண்டி நடுவை எட்டினால் முழுக் கண்ணாடியும் நொறுங்கும். ஆகவே இப்படிக் குளிர்வித்த பிறகு இதை அறுக்கவோ துளைக்கவோ முடியாது. அதே மாடலுக்கான, ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள கண்ணாடியையே வாங்க வேண்டும். விளிம்பு எங்கும் இரும்பில் நேரடியாக உட்காரவும் கூடாது.

உடைந்த கண்ணாடியை மாற்ற, முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கதவின் உட்புற மூடியான டோர் பேடைப் பிரிக்க வேண்டும். கைப்பிடிக் குழிக்குள் மறைந்திருக்கும் ஸ்க்ரூவைக் கவனிக்காமல் இழுத்தால் பேட் உடையும். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட் இருக்கும். அதைக் கிழிக்காமல் மெல்ல உரித்தெடுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, வாக்குவம் கிளீனரால் உடைந்த துண்டுகளை முழுக்க உறிஞ்சுங்கள். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளையும் கண்ணாடி நகரும் ரப்பர் பட்டையான பீடிங்கின் பள்ளத்தையும் விட்டுவிடாதீர்கள். துளை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். பீடிங்கில் ஒரு சில்லு தங்கினாலும் புதுக் கண்ணாடியில் கோடு விழும்.

சேனல் கண்ணாடியில் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பழைய கண்ணாடி நொறுங்கிப்போயிருந்தால் எதிர்ப்பக்கக் கதவில் அளந்து, இடவலம் மாற்றிக் கொள்ளலாம். சேனல் சில மி.மீ. சாய்ந்தாலே கண்ணாடி பீடிங்கில் இறுகி, மோட்டார் திணறும்.

இனி பசை. இங்கே பொருந்துவது பாலியூரித்தேன். விறைத்த எபாக்சி ஏன் கூடாது? ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் கண்ணாடி பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரிகிறது. எஃகு 12, அலுமினியம் 23. அலுமினியச் சேனல் 400 மி.மீ. நீளம் என்றால், 50 டிகிரி மாற்றத்தில் இரண்டுக்கும் 0.28 மி.மீ. வித்தியாசம் வரும். ரப்பர் போன்ற 2 மி.மீ. படலம் இதை எளிதில் தாங்கும். விறைத்த பசையோ விளிம்பை இழுக்கும், அல்லது தானே பெயர்ந்துவிடும். கதவை அறைந்து சாத்தும் அதிர்ச்சியும் அதில் நேராகக் கண்ணாடிக்குப் போகும். சிலிக்கான் சீலன்ட் போடவே போடாதீர்கள். புளிப்பு வாடை வீசும் வகை அசெட்டிக் அமிலத்தை விட்டு இரும்பை அரிக்கும். எந்த வகையானாலும் அதன் பிசுக்கு இருக்கும் இடத்தில் பிறகு வேறு பசை பிடிப்பது கடினம்.

சேனலில் பழைய பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து நீக்குங்கள். ஒட்டுமிடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். பசையை இறுக வைக்கும் ஐசோசயனேட் ஆல்கஹாலோடும் வினைபுரியும் என்பதால் ஆல்கஹால் மிஞ்சினால் இறுக வேண்டிய பசை இளகியே கிடக்கும். பிறகு, பசை நன்றாகப் பிடிக்க முன்கூட்டிப் பூசும் பிரைமர். அதிலுள்ள சிலேன் மூலக்கூறின் ஒரு முனை கண்ணாடிப் பரப்போடும் மறுமுனை பசையோடும் பிணைகிறது. பூசிய இடத்தில் விரல் பட்டால் அந்தப் பிணைப்பு கெடும். சேனலுக்குள் சிறு ரப்பர் துண்டுகளை வைத்துப் பசையை இடைவெளியின்றி நிரப்பி, மேலே பாலாடை போல ஏடு படியும் முன்பே கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மாஸ்கிங் டேப்பால் அசையாமல் கட்டுங்கள்.

எதையும் கலக்காமல் பூசும் ஒற்றைக் கூறு பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 3 மி.மீ. இறுகும். இறுகிய படலத்தைத் துளைத்துத்தான் ஈரம் உள்ளே போக வேண்டும் என்பதால், ஆழம் இருமடங்கானால் காத்திருப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதாவது 6 மி.மீ.க்கு நான்கு நாள். சேனலிலோ காற்றுப் படுவது இரண்டு மெல்லிய இடுக்குகளில் மட்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று தண்ணீர் தெளித்தால் கரியமில வாயு உண்டாகிக் குமிழ் விழும். ஆழமான சேனலுக்கு, இரண்டு பொருளையும் கலந்ததும் தானே இறுகும் இரு கூறு பாலியூரித்தேனே மேல்; காத்திருக்க வேண்டிய நேரம் அதன் உறையிலேயே இருக்கும்.

இறுகிய பின் சேனலை ரெகுலேட்டரில் தளர்வாக மாட்டி, கண்ணாடியை முழுக்க ஏற்றிப் பீடிங்கில் உட்கார வைத்து, அதன் பிறகே போல்ட்டை முறுக்குங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை ஓட்டையில்லாமல் ஒட்டுங்கள். அது மழைநீரைத் தடுப்பதோடு, கதவில் காற்றழுத்த சென்சார் உள்ள கார்களில் ஏர்பேக் சரியாக வேலை செய்யவும் வேண்டும். ஸ்விட்சை ஒருமுறை தட்டினாலே முழுக்க ஏறும் ஆட்டோ விண்டோ என்றால், கண்ணாடி மேலே முட்டிய பிறகும் ஸ்விட்சைச் சில நொடிகள் இழுத்துப் பிடித்தால் பல கார்களில் மோட்டார் தன் எல்லையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்.