கிராமப்புற நிலம் வாங்கும் முன் பழைய டோபோ மேப்பைப் பாருங்கள்

அமெரிக்கக் கிராமப்புறம் ஒன்றில் ஐந்து ஏக்கர் சமதளம். ஓரத்தில் ஓக் மரங்கள், நடுவில் செழிப்பான புல். வீடு கட்ட இதைவிட நல்ல இடம் அமையாது என்று வாங்க வந்தவர் முடிவே கட்டிவிட்டார். நான் வழக்கம்போல அந்தப் பகுதியின் பழைய டோபோ மேப்புகளை, அதாவது மேடு பள்ளம், ஓடை, சாலை, கட்டடம் எல்லாம் காட்டும் நில வரைபடங்களை, எடுத்துப் பார்த்தேன். 1950களில் வந்த தாளில், அதே இடத்தில் இரண்டு பிக்காசுகளைக் குறுக்கே வைத்தது போல ஒரு குறி. பக்கத்தில் 'கிராவல் பிட்', அதாவது சரளைக் குழி, என்ற எழுத்து. 1990களின் தாளில் அந்தக் குறி இல்லை, வெறும் வெள்ளைதான்.

அவ்வளவு பெரிய குழியை எதைப் போட்டு மூடினார்கள்? துளையிட்டுப் பார்த்தோம். ஆறடி ஆழத்தில் உடைந்த பாட்டில்களும் துருவேறிய டப்பாக்களும் சாம்பலும் வந்தன. அதற்குக் கீழே எண்ணெய் வாடையோடு கறுத்த மண். 1976-இல் வந்த மத்திய அரசின் கழிவுச் சட்டம் திறந்தவெளிக் குப்பைக் கிடங்குகளுக்கு முடிவு கட்டும் வரை, கைவிட்ட சரளைக் குழி என்றால் ஊர்க் குப்பை அங்கேதான் போகும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் இது சர்வ சாதாரணம்.

நிலத்தின் முந்தைய வரலாற்றைத் தேடிச் சொல்வதுதான் என் தொழில். வணிக நிலம் கைமாறும்போது செய்யும் முதற்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வில் பழைய டோபோ மேப் பார்ப்பது வழக்கமான ஒரு படி. வீட்டுக்காக நிலம் வாங்குகிறவரை யாரும் அப்படிப் பார்க்கச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நகரம் என்றால் வேறு ஆவணங்கள் உண்டு. தீக் காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த மேப்புகளில், கட்டடம் செங்கல்லா மரமா என்பது வரை இருக்கும். ஆனால் அவை ஊர் எல்லையோடு நின்றுவிடும். வயலும் காடும் ஓடையும் நிறைந்த கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) பல சமயம் டோபோ மேப்தான் ஒரே சாட்சி. யுஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை 1884 முதல் 2006 வரையிலான தன் மேப்புகளை, 1,78,000-க்கும் மேல், ஸ்கேன் செய்து 'டோபோவியூ' தளத்தில் வைத்திருக்கிறது. காசு எதுவும் கட்ட வேண்டாம். உங்கள் இடத்தை வரைபடத்தில் தொட்டால், அந்த இடத்துக்கு எந்தெந்த ஆண்டுத் தாள்கள் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும்.

எல்லா ஆண்டுத் தாளையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளை மட்டும் பார்த்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு தாள்களுக்கு நடுவில் எது காணாமல் போனது என்பதைத்தான் தேட வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே உள்ளதைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும், வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். நெளிந்து நெளிந்து ஓடிய நீலக்கோடு அடுத்த தாளில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கிறதா? ஓடையைத் திருப்பி வாய்க்காலாக்கியிருக்கிறார்கள். பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அந்த வழியில் வீட்டின் அஸ்திவாரம் வரக் கூடாது. வெள்ளையாக இருந்த வயல் பச்சையாகியிருந்தால், விவசாயம் நின்று காடு திரும்பியிருக்கிறது. அந்தக் காட்டுக்குள் மூடாத கிணறு இருக்கலாம், பார்த்து நடங்கள்.

சரி, ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தாளின் ஓரத்தில் அளவை செய்த ஆண்டு, பதிப்பித்த ஆண்டு, மறுபடி அச்சடித்த ஆண்டு என்று இரண்டு மூன்று இருக்கும். 1890களில் அளந்ததை முப்பது வருடம் கழித்து அப்படியே மறு அச்சு போட்ட தாள்கள் நிறைய உண்டு. அச்சடித்த ஆண்டை நம்பி 'அப்போது இந்த வீடு இருந்தது' என்று சொல்லிவிடாதீர்கள். பிற்காலத் தாள்களில் ஊதா நிறத்தில் சில சாலைகளும் கட்டடங்களும் தெரியும். அவை விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, யாரும் நேரில் போய்ச் சரிபார்க்காதவை.

அளவும் முக்கியம். பழைய 15 நிமிடத் தாள்கள் (அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 15 நிமிடம், அதாவது கால் டிகிரி, அகலப் பரப்பைக் காட்டுபவை) 1:62,500 அளவில் உள்ளவை, அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 62.5 மீட்டர். பிறகு வந்த 7.5 நிமிடத் தாள்களில் அது 24 மீட்டர். வீட்டைக் காட்டும் கறுப்புச் சதுரம் உண்மையான வீட்டைவிடப் பெரியது என்றால் புரிந்துகொள்ளுங்கள். தாளின் ஓரத்தில் உள்ள ஆயத்தொலைவைப் படித்து அப்படியே ஜிபிஎஸ்ஸில் போடவும் வேண்டாம். பழைய தாள்களில் பல 1927-ஆம் ஆண்டு ஆதாரத்தை (ஆயத்தொலைவைக் கணக்கிட எடுத்துக்கொண்ட அடிப்படை) வைத்து வரைந்தவை, இன்றைய ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் இடத்தைப் பொறுத்துப் பத்து மீட்டரிலிருந்து நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும்.

சதுரத்தின் மேல் சிறு கொடி இருந்தால் பள்ளிக்கூடம், சிலுவை இருந்தால் தேவாலயம். பழைய தாளில் இரண்டு மூன்று மைலுக்கு ஒரு கொடி பறக்கும், அடுத்த தலைமுறைத் தாளில் மொத்தத் தாளுக்கும் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஓரறைப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிய காலம் அது. தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 1912-க்கும் 1932-க்கும் இடையில் எழும்பிய ரோசன்வால்ட் பள்ளிகள் ஏறக்குறைய 5,000. அவற்றில் பல இன்று இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. சிலவற்றை இந்தக் கொடியை வைத்துத்தான் தேடிப் பிடிக்க முடிகிறது. அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஊரே காணாமல் போவதும் உண்டு. டென்னசி மாநிலம் யூனியன் கவுண்டியில் லாய்ஸ்டன் என்று ஓர் ஊர் இருந்தது. 1936-இல் நாரிஸ் அணை கட்டி முடித்ததும் அது ஏரிக்குள் போனது. இன்றைய மேப்பில் அந்த இடம் முழுக்க நீலம். அணைக்கு முந்தைய மேப்பை எடுத்தால்தான் அங்கே தெரு இருந்தது தெரியும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இவ்வளவு பெரிய விஷயம்கூட இல்லை. ஒரு தாளில் நகக்கண் அளவுகூட இல்லாத புள்ளிக்கோட்டுக் கட்டம், பக்கத்தில் 'செம்' (Cem) என்ற மூன்று ஆங்கில எழுத்துக் குறிப்பு. கல்லறை என்று அர்த்தம். அடுத்த பதிப்பில் அது இல்லை. பத்திரத்திலும் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போகும் பாதையை நேராக அந்த இடத்தின் வழியாகத்தான் போடுவதாக இருந்தார்கள்.

நேரில் போனோம். மேப் காட்டிய இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை. சுற்றி நூறு அடி தேடியபோது ஒரு முதிய சிடார் மரத்தடியில் பெரிவிங்கிள் கொடி தரையை மூடிப் படர்ந்திருந்தது. தென் மாநிலங்களின் பழைய குடும்பக் கல்லறைகளில் விரும்பி நடும் கொடி அது, காட்டின் நடுவே தானாக வந்து முளைக்காது. கொடியை விலக்கினால், எழுத்து எதுவும் இல்லாத வயல் கற்கள் நட்டு வைத்தபடி இருந்தன. அவற்றின் முன்னால் கிழக்கு மேற்காக நீண்ட பள்ளங்கள். ஒன்பது எண்ணினேன். அதில் நான்கு மிகவும் குட்டையானவை.

கல்லறையைக் கலைப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம் என்று நிலத்துக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அந்தக் குட்டைப் பள்ளங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பாதைக்காக நட்டிருந்த குச்சிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனார்.