கடைசிக் கட்டிலுக்கு ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேர்கிறது?

மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்பதைக் காவிரிப் படுகைக்காரர்கள் செய்தியாகக் கேட்டுக்கொள்வார்கள். நடவைத் தொடங்குவதற்குத் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைசி வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா என்றுதான் போய்ப் பார்ப்பார்கள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியான வாரத்தில், காவிரி டெல்டாவின் ஒரு நகரத்து மருத்துவமனையில் என் சித்தப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது இந்தக் கடைமடைக் கணக்கு எனக்கு வேறொரு வடிவில் புரிந்தது. சுவரில் மாட்டியிருந்த, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் பாய்கிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரின் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் சிறு குண்டு, திருகை முழுவதும் திறந்த பிறகும் 10 லிட்டர் கோட்டைத் தொடாமல் கீழேயே தத்தளித்துக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் கட்டடத்தின் பின்புறம் இருந்த திரவ ஆக்சிஜன் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. "கடைசிக் கட்டில் சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகுதுல்ல" என்றார் செவிலியர். ஒரு பாடநூல் அத்தியாயத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் இருக்கின்றன. பெரிய ஆலைகள் காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்கி, நைட்ரஜன் மைனஸ் 196 பாகை செல்சியஸிலும் ஆக்சிஜன் மைனஸ் 183 பாகையிலும் கொதிக்கும் வேறுபாட்டைப் பயன்படுத்தி இரண்டையும் பிரித்தெடுக்கின்றன. இப்படிக் கிடைக்கும் வெளிர்நீலத் திரவத்தில் ஒரு லிட்டர், சாதாரண வெப்பநிலையில் 850 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். ஆகவே 10,000 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி, 7,000 லிட்டர் வாயு அடைத்த ஜம்போ சிலிண்டர்கள் ஏறக்குறைய 1,200க்குச் சமமாகிறது. இரண்டாம் அலையின் உச்சத்தில் நாட்டின் மருத்துவ ஆக்சிஜன் தேவை நாளொன்றுக்கு 9,000 டன்னை நெருங்கியபோது, உற்பத்தியைக் கூட்டுவதைவிட, தெர்மாஸ் குடுவைபோல இரட்டைச் சுவர் கொண்ட டேங்கர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. நைட்ரஜனும் ஆர்கானும் ஏற்றிய வண்டிகளை ஆக்சிஜனுக்கு மாற்றியதும், டேங்கர்களை ரயிலில் ஏற்றி ஓட்டியதும் அதனால்தான்.

தொட்டிக்கு வந்த திரவம் அப்படியே வார்டுக்குப் போவதில்லை. அலுமினியத் தகடுகள் செங்குத்தாக நிற்கும் ஆவியாக்கி ஒன்றின் வழியே அது செல்லும்போது, சுற்றியுள்ள காற்றின் வெப்பமே அதை வாயுவாக்குகிறது. இதற்கு அடுப்போ மின்சாரமோ தேவையில்லை. ஆனால் வாயுவை இழுக்கும் வேகம் கூடக்கூடத் தகடுகள் குளிர்ந்து, நம் ஈரக்காற்றிலுள்ள நீராவி அவற்றின்மேல் பனியாகப் படிகிறது. பனி தடித்தால் வெளிவெப்பம் உள்ளே புகாது, ஆவியாதலும் குறைந்துவிடும். வைகாசி வெயிலில் கைத்தடிமன் பனி படிந்த தகடுகளின்மேல் ஊழியர் ஒருவர் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், அவர் செய்துகொண்டிருந்தது பனியை உருக்கித் தகட்டுக்கு வெப்பம் கொடுக்கும் வேலை.

அங்கிருந்து ஏறத்தாழ 4 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் செப்புக் குழாய்களில் வாயு புறப்படுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விரைந்து பாயும் வாயு, குழாய்ச் சுவரோடு உராய்ந்து அழுத்தத்தை இழக்கிறது. பாய்வு இரு மடங்கானால் இந்த இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். எல்லாக் கட்டில்களிலும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் ஓடாது, ஓடினாலும் நிமிடத்துக்குச் சில லிட்டர்தான் என்ற கணிப்பில் பதித்த குழாய்களில், 2021இல் ஒவ்வொரு கட்டிலும் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கேட்டது. மூக்கின் வழியே மிகுபாய்வில் செலுத்தும் கருவி ஒன்றே 60 லிட்டர் வரை இழுக்கும். அந்தக் கணக்கில் ஒரு ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. தலைமடையில் இருப்பவர் மதகைத் தூக்கிவிட்டால் வால்பகுதி வயல் காய்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சித்தப்பாவைத் தொட்டிக்கு அருகிலுள்ள கிளைக்குழாயில் இருந்த வார்டுக்கு மாற்றிய பிறகு அதே குண்டு 12இல் நின்றது.

"இத்தனை ஆக்சிஜன் படுக்கைகள் காலி" என்று அந்நாள்களில் வெளியான எண்ணிக்கைகளை இதனால்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். சுவரில் ஒரு வெளிவாயில் இருப்பதால் மட்டும் அது ஆக்சிஜன் படுக்கையாகிவிடாது. ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பு தன் திறனை டன்னிலும் படுக்கையிலும் எண்ணுவதோடு, எல்லா வாயில்களும் திறந்திருக்கும்போது கடைசி வாயிலில் எஞ்சும் அழுத்தம் எவ்வளவு என்பதையும் அளந்து வைத்திருக்க வேண்டும்.

குழாயிலிருந்து ஆக்சிஜன் இழுக்கப்படும் அளவைக் குறைப்பதற்கும் வழி இருந்தது. ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்கு மேல் போன பிறகு, கூடுதலாகக் கொடுப்பதால் இரத்தம் ஏற்றுக்கொள்வது மிகச் சிறிதளவே. கொரோனா நோயாளிக்குப் பொதுவாக 92 முதல் 96 வரை போதும் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறின. ஆனால் விரலில் மாட்டிய கருவி 99 காட்டினால்தான் உறவினர்களுக்கு நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. செவிலியர் திருகைச் சற்றுக் குறைத்தபோது நான் முகம் சுளித்தேன். அங்கே மிச்சமான 4 லிட்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. (அந்தக் கருவி, கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020 இறுதியில் வெளியான ஓர் ஆய்வால் பரவலாகத் தெரியவந்தது, நம் ஊருக்கு அது சிறிய செய்தியன்று.)

அலைக்குப் பிறகு, பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும் நாடெங்கும் 1,200க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் மருத்துவமனை வளாகங்களிலேயே அமைக்கப்பட்டன. இவற்றில் காற்றை அழுத்தி ஜியோலைட் என்னும் நுண்துளைக் கனிம மணிகளின் வழியே செலுத்துகிறார்கள். மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 93 விழுக்காடு அளவிலான ஆக்சிஜன் மறுமுனையில் வெளிவருகிறது. பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் மணிகள் நைட்ரஜனை விட்டுவிடுகின்றன. மணிகள் நிரப்பிய ஒரு தொட்டி நைட்ரஜனைப் பிடிக்கும்போது மற்றொன்று விடும் வகையில் இரண்டும் மாறிமாறி இயங்குகின்றன. டேங்கருக்குக் காத்திருந்த ஊர்களுக்கு இது சொந்தக் கிணறு வெட்டியதுபோலத்தான்.

ஆனால் கிணற்றுக்கு மோட்டார் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் நின்றால் காற்றை அழுத்தும் இயந்திரமும் நிற்கும். ஆகவே கடலோர மருத்துவமனையில் ஜெனரேட்டரும், டீசலும், நிரப்பி வைத்த சிலிண்டர் வரிசையும் அந்த நிலையத்தின் பகுதிகளாகவே கருதப்பட வேண்டும். மேலும் ஜியோலைட்டுக்கு நைட்ரஜனைவிடத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் நம் காற்றில் நிறைந்திருக்கும் ஈரத்தை உலர்த்தியும் வடிகட்டியும் முன்கூட்டியே நீக்காவிட்டால், மணிகள் நீரைப் பிடித்துக்கொண்டு நைட்ரஜனைக் கோட்டைவிடத் தொடங்கும். ஆக்சிஜனின் தூய்மை 93இலிருந்து மெல்லச் சரியும். வார்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, ஏனெனில் ஃப்ளோமீட்டரின் குண்டு அதே 10இல்தான் மிதந்துகொண்டிருக்கும். சரிவு முதலில் தெரிவது நிலையத்தின் பலகையிலுள்ள தூய்மைமானியில், அதையும் யாராவது நாள்தோறும் பார்த்து நோட்டில் எழுதினால்.